வாளேந்திகளும் தோல் பதனிடுவோரும்
ஒரு யப்பானியக் கற்பனை நாவலை முன்வைத்து நமது சோழக் கதைகள் பற்றிச் சில குறிப்புகள்

1

'பொன்னியின் செல்வன்' திரைப்படத்தின் இரு பாகங்களும் 2022இலும் 2023இலும் வெளிவந்ததைத் தொடர்ந்து, புலம்பெயர் தமிழரிடையே சோழப் பெருமிதம் மீண்டும் ஒரு சுற்று வந்து ஓய்ந்திருக்கிறது. இங்கு மொன்றியலிலும் குடும்பம் குடும்பமாகப் போய்ப் பார்த்தோம். பின்னர் வழமைபோல் இரண்டு அணிகளாகப் பிரிந்து விவாதித்தோம். படம் கல்கியைச் சிதைத்துவிட்டது என்றனர் ஒரு சாரார். 993இல் அநுராதபுரத்தை அழித்த ஒரு பேரரசைக் கொண்டாடும் நாம், நம்மீது ஏவப்பட்ட பேரரசுக் கனவுகளை எந்த முகத்தோடு கண்டிப்பது என்று கேட்டனர் மறுசாரார். இரண்டாவது கேள்வி நியாயமானதே. எனினும் இரு சாராரும் அரசர்களைப் பற்றியே பேசினார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். அரண்மனைக்குக் கீழே, ஊருக்கு வெளியே இருந்தவர்களைப் பற்றிய கேள்வி எழவில்லை. அக்கேள்வியை, சோழர்களோடு யாதொரு தொடர்புமற்ற ஒரு நாவலின் வழியாக எழுப்புவதே இக்கட்டுரையின் நோக்கம்.

நான் வசிக்கும் நோத்ர-டாம்-த-கிரேசில் வளரும் நமது பிள்ளைகள், 1977ஆம் ஆண்டின் 101ஆவது சட்டத்தின் விளைவாகப் பெரும்பாலும் பிரெஞ்சுப் பாடசாலைகளிற் படிப்பவர்கள். மொங்க்லண்ட் வீதியிலுள்ள பெனி நூலகத்திற்குச் சென்று பார்த்தால் அவர்கள் எதை வாசிக்கிறார்கள் என்பது தெரியும். யப்பானியச் சித்திரக் கதைகள், சாமுராய்க் கதைகள், வாளும் மந்திரமும் கலந்த சாகசங்கள். அவற்றுள் ஒன்றை நண்பரொருவரின் மகள் வாசித்து முடித்துவிட்டு என்னிடம் தந்தாள். "மாமா, இது மாதிரித் தமிழிலை இருக்கோ?" என்பது அவளது கேள்வி. இருக்கிறது என்று சொல்வது எளிது. எந்த வகையில் 'இது மாதிரி' என்பதுதான் யோசிக்கவேண்டியது.

2

அந்நாவல் பிரெஞ்சில் 'லெ சிலான்ஸ் டியூ ரொசிஞோல்' என்ற பெயரிலும், ஆங்கில மூலத்தில் 'அக்றொஸ் த நைற்றிங்கேல் ஃபுளோர்' என்ற பெயரிலும் 2002இல் வெளிவந்தது. 'ஒட்டோரி' வரிசையின் முதல் நூல் இது. 2003, 2004 ஆண்டுகளில் அடுத்த இரு நூல்களும், பின்னர் தொடர்ச்சியாக ஒன்றும் முன்கதையாக ஒன்றும் வந்தன. ஆசிரியர் பெயர் லியன் ஹேர்ன். அது புனைபெயர். எழுதியவர் இங்கிலாந்திற் பிறந்து அவுஸ்திரேலியாவிற் குடியேறிய ஜிலியன் ரூபின்ஸ்ரைன் என்ற சிறுவர் இலக்கிய ஆசிரியை.

கதை நிகழும் இடம் 'மூன்று நாடுகள்' என்ற கற்பனைப் பிரதேசம். ஆனால் உடை, கோட்டை, குலப்பகை, தேநீர்ச் சடங்கு யாவும் நிலப்பிரபுத்துவ யப்பானிலிருந்து பெறப்பட்டவை. மலைக்கிராமமொன்றில் வளரும் தோமாசு என்ற சிறுவனின் ஊரை ஈடா சடாமு என்ற கொடிய பிரபுவின் படை அழிக்கிறது. ஒட்டோரி ஷிகெரு என்ற பிரபு அவனைக் காப்பாற்றித் தக்கெயோ என்று பெயர் மாற்றி மகனாக ஏற்கிறார். மிதித்தால் குயில்போல் ஒலியெழுப்பும் மரத்தளமொன்றை ஈடா தன் கோட்டையில் அமைத்திருக்கிறான். ஓசையின்றி அதைக் கடப்பதே தக்கெயோவுக்கு விதிக்கப்பட்ட சோதனை.

இத்தகைய தளம் உண்மையிலேயே உண்டு. 1603இல் ரொக்குகாவா இயேயாசு கியோத்தோவில் அமைத்த நிஜோ கோட்டையின் தாழ்வாரங்கள் மிதிபடும்போது பறவைபோல் கீச்சிடுகின்றன. கள்ளர் வருவதை அறிவிப்பதற்காகவே அவ்வாறு கட்டப்பட்டன என்பது பிரபலமான கதை. பலகைகளைத் தாங்கும் இரும்புப் பிடிகளும் ஆணிகளும் காலப்போக்கில் தளர்ந்து உராய்வதால் எழும் ஒலி அது என்பது கோட்டையினர் தரும் விளக்கம். பழமையின் தேய்மானத்தைப் பழையவர்களின் நுண்ணறிவாக வாசிக்கும் இப்பழக்கம் யப்பானியருக்கு மட்டும் உரியதன்று.

நாவலில் இரு மக்கட் பிரிவினர் வருகின்றனர். முதலாவது, தோமாசு பிறந்த 'மறைந்து வாழ்வோர்'. இரகசியக் கடவுளை வழிபடுபவர்கள். அக்கடவுளின் முன் பிரபுவும் பிச்சைக்காரரும் சமம் என்பவர்கள். கொலை செய்வதில்லை என்பவர்கள். பதினேழாம் நூற்றாண்டு யப்பானில் தடைசெய்யப்பட்டு, 1865இல் நாகசாக்கியில் மீண்டும் வெளிப்படும்வரை இரு நூற்றாண்டுகளுக்கு மேலாக ஒளிந்து வாழ்ந்த கிறிஸ்தவர்களின் சாயல் இவர்களிடம் தெளிவாகத் தெரிகிறது. அங்கு அம்மதத்தை விதைத்தவர் 1549 ஓகஸ்ட் 15 அன்று ககோஷிமாவில் இறங்கிய பிரான்சிஸ் சவேரியார். அதற்கு ஏழாண்டுகள் முன்னர் முத்துக்குளித்துறைப் பரதவரிடையே பணியைத் தொடங்கியவரும் அவரே. அப்பணியின் நீட்சியாக மன்னாரில் மதம் மாறியவர்களை 1544இல் யாழ்ப்பாண அரசன் சங்கிலி கொன்றொழித்த கதையை நாம் அறிவோம். ஆக, இக்கற்பனை நாவலின் ஒரு வேர் நமது கடற்கரையைத் தொட்டுச் செல்கிறது.

இரண்டாவது பிரிவினரே எனது அக்கறைக்குரியவர்கள். அவர்கள் ஆற்றங்கரையில் விலங்குத் தோலைப் பதனிடும் தீண்டாதோர். ஜோ-ஆன் என்பவன் அவர்களுள் ஒருவன். சித்திரவதைக்குள்ளாகிக் கோட்டை மதிலில் தொங்கவிடப்பட்ட அவனது சகோதரனுக்குத் தக்கெயோ இரவோடிரவாக ஏறிச்சென்று மரணத்தின் மூலம் விடுதலையளிக்கிறான். அன்றிலிருந்து ஜோ-ஆன் அவனைப் பின்தொடர்கிறான். மூன்றாம் நூலில் வெள்ளம் பெருகிய ஆற்றைத் தக்கெயோவின் படை கடந்தாக வேண்டும். பாலம் கட்டிக் கொடுப்பவர்கள் ஜோ-ஆனும் அவனது மக்களும். அப்பாலத்தில் கால்வைக்கக் கூசுகிறார்கள் வீரர்கள், அவர்களுடைய கைபட்டது என்பதால். வாளின் மகிமையைப் பாடும் ஒரு சாகசக் கதை, அந்த வாளேந்தியின் படை எவருடைய தீட்டுப்பட்ட உழைப்பின்மேல் நடந்து செல்கிறது என்பதையும் கூடவே சொல்லிவிடுகிறது.

3

இது ஆசிரியையின் கருணையில் விளைந்த கற்பனை அன்று. யப்பானிய நிலப்பிரபுத்துவம் தோலின்றி இயங்கியிருக்க முடியாது. கவசத்தின் தகடுகளைப் பிணைப்பது தோல். குதிரையின் சேணம் தோல். போர்ப்பிரபுக்கள் தோல் பதனிடுவோரைத் தம் கோட்டை நகரங்களின் ஓரங்களிற் குடியமர்த்தி, அவர்களது உற்பத்தியைத் தமதாக்கிக்கொண்டனர். பௌத்தத்தின் கொல்லாமையும் ஷிந்தோவின் தீட்டுக் கருத்தும் அதே மக்களை அசுத்தர் ஆக்கின. ரொக்குகாவா ஆட்சியில் இந்த ஒதுக்கம் பிறப்போடு பிணைக்கப்பட்டுப் பதிவேடுகளில் ஏறியது. அவர்களுக்கு இடப்பட்ட பெயர்களில் ஒன்றின் பொருள் 'மிகுந்த அழுக்கு'. இன்னொன்றின் பொருள் 'மனிதர் அல்லாதோர்'.

மெய்ஜி அரசு 1871இல் அப்பெயர்களைச் சட்டத்தால் நீக்கியது. 1873இல் மிமாசாக்காப் பிரதேசத்தில் கிளர்ந்தெழுந்த விவசாயிகள், அரசின்மீதிருந்த கோபத்தோடு அம்மக்களின் கிராமங்களையும் எரித்து மனிதர்களையும் கொன்றனர். 1922 மார்ச் 3 அன்று கியோத்தோவிற் கூடி 'சுயிஹெய்ஷா' என்ற சமத்துவ அமைப்பை அவர்கள் தாமே நிறுவினர். இருந்தும் 1975இல் வெளிவந்த ஒரு செய்தி யப்பானைத் தலைகுனிய வைத்தது. அம்மக்கள் வாழும் ஊர்களின் பெயர்களைத் தொகுத்த இரகசியப் பட்டியல்கள் விற்கப்பட்டு வந்தன. இருநூறுக்கும் மேற்பட்ட நிறுவனங்கள் அவற்றை வாங்கியிருந்தன. வேலைக்கு விண்ணப்பிப்பவர் எந்த ஊரார் என்று பார்ப்பதற்காக! மொழியாலோ நிறத்தாலோ அவர்களைப் பிரித்தறிய முடியாது; ஊர்ப்பெயர் ஒன்றே அடையாளம்.

மறுபுறம், வாளேந்திகளுக்கு என்ன நடந்தது? 1876இல் சாமுராய்கள் பொது இடத்தில் வாளேந்துவது தடைசெய்யப்பட்டது. அதே ஆண்டில் அவர்களது பரம்பரை மானியமும் முடிவுக்கு வந்தது. வர்க்கம் மறைந்த பின்னரே அதன் 'அறம்' நூலாயிற்று. 1900இல் வெளிவந்த 'புஷிதோ' என்ற நூலை இனாசோ நித்தோபே எழுதியது ஆங்கிலத்தில், அமெரிக்காவில் தங்கியிருந்த காலத்தில். மதக்கல்வி இல்லாத உங்கள் நாட்டில் ஒழுக்கத்தை எவ்வாறு போதிக்கிறீர்கள் என்று பெல்ஜிய அறிஞரொருவர் கேட்ட கேள்வியே நூலின் தூண்டுதல் என்று அவர் முன்னுரையிற் கூறுகிறார். அந்நியனின் கேள்விக்குப் பதிலாகத் தன் இனத்தின் பழமையை ஒழுங்குசெய்து காட்டும் முயற்சி அது. நித்தோபே 1933இல் இறந்ததும் இந்நாட்டில்தான், பிரிட்டிஷ் கொலம்பியாவின் விக்ரோறியா நகரில். யுத்தவாத அரசு அந்த 'அறத்தை' எடுத்துக்கொண்டு, பிரபுக்களைக் கண்டிராத விவசாயிகளின் பிள்ளைகளைச் சரணடையாமற் சாகும்படி பணித்தது. சிறைப்படும் அவமானத்திலும் சாவு மேல் என்று போதித்த இராணுவக் கையேடு 1941இல் வெளியிடப்பட்டது. அவ்வாறான போதனையின் விலை என்ன என்பதை நமது தலைமுறைக்கு விளக்கவேண்டியதில்லை.

4

இனி நமது பக்கம். கல்கி 'பொன்னியின் செல்வ'னை 1950 முதல் 1954 வரை தமது வார இதழிற் தொடராக எழுதினார். அது மந்திரக் கதையாகத் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ளவில்லை. வரலாற்று நவீனம் என்றே வந்தது. நீலகண்ட சாஸ்திரியாரின் சோழர் வரலாறு 1930களில் அச்சாகியிருந்தது. செப்பேடுகளையும் கல்வெட்டுக்களையும் கதைக்குள் கொண்டுவந்து வாசகருக்கு விளக்கியவர் கல்கி. தமிழ் நடுத்தர வர்க்கம் சோழரைப் பற்றி அறிந்தவற்றுட் பெரும்பகுதி அத்தொடரின் வழியாகவே வந்தது எனில் மிகையாகாது.

அக்கதையின் நாயகனான இராசராசன் தஞ்சைப் பெருங்கோயிலிற் பொறித்துள்ள கல்வெட்டுக்களை எடுத்துக்கொள்வோம். கோயிலுக்கு வருவாய் தரும்படி விடப்பட்ட ஊர்கள் ஒவ்வொன்றாகச் சொல்லப்படுகின்றன. ஊரின் மொத்த நிலம் இவ்வளவு. அதில் வரி விதிக்கப்படாத நிலம் இவ்வளவு. வரியில்லா நிலம் எவையெவை என்ற பட்டியலில் ஊர்நத்தம், கோயில், குளம், வாய்க்கால், சுடுகாடு என்பவற்றோடு கம்மாணசேரி, ஈழச்சேரி, பறைச்சேரி என்பன வருகின்றன. தீண்டாச்சேரி என்ற சொல்லும் வருகிறது. 'ஈழம்' என்ற சொல்லைக் கண்டதும் பரபரப்படையும் நண்பர்கள் பொறுத்தருள வேண்டும்; ஈழச்சேரி என்பது கள்ளிறக்குவோரின் குடியிருப்பு.

ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னர் அரச ஆணையாகக் கல்லில் எழுதப்பட்ட சொல் தீண்டாச்சேரி. இக்கல்வெட்டுக்களை ஹுல்ஷ் பதிப்பித்து அரசு வெளியிடத் தொடங்கியது 1891இல். கல்கியின் தொடர் தொடங்குவதற்கு ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் முன்னரே அவை நூலகங்களில் இருந்தன. ஆனால் வந்தியத்தேவனின் குதிரை வீரநாராயண ஏரியிலிருந்து தஞ்சைவரை வரும் வழியில் அந்தச் சேரிகளில் ஒன்றைக்கூடக் கடப்பதில்லை.

கல்கியின் தனிமனிதக் குறையாக இதனைக் காண்பது தவறு. திருச்செங்கோடு காந்தி ஆசிரமத்தில் இராஜாஜியோடு பணியாற்றியவர் அவர். தீண்டாமை ஒழிப்பை வேலைத்திட்டமாகக் கொண்ட இடம் அது. நிகழ்காலத்தின் தீண்டாமையை அறிந்த எழுத்தாளர், கடந்தகாலத்தை எழுத அமர்ந்தபோது அது பார்வையிலிருந்து மறைகிறது. ஆகவே காரணத்தை அவர் கைக்கொண்ட வடிவத்திலேயே தேடவேண்டும். விடுதலையடைந்த புதிய நாட்டின் வாசகருக்குப் 'பொற்காலம்' ஒன்று தேவைப்பட்டது. பொற்காலத்திற் சேரி இருத்தலாகாது. எளியவர் இருக்கலாம், ஆனால் அவர் உண்மையில் எளியவராக இருத்தலாகாது. பூ விற்கும் சேந்தன் அமுதன் இறுதியில் சோழ அரியணைக்கு உரியவனாவதை நினைவிற் கொள்க. இந்த விதியைச் சாண்டில்யனும் அவருக்குப் பின்வந்தோரும் மீறவில்லை, மேலும் இறுக்கினார்கள்.

கல்லூரி வரலாறும் இதே விதிக்குக் கட்டுப்பட்டது என்பதை அத்துறையில் இருந்தவன் என்ற வகையிற் சொல்லலாம். உத்தரமேரூர்க் கல்வெட்டுக்களின் குடவோலை முறை பற்றி வினாத்தாள் தவறாது கேட்கும். 919, 921ஆம் ஆண்டுகளின் அவ்விதிகள் ஒரு பிராமண ஊரின் சபைக்குரியவை என்பதும், காணி உடையவரும் வேதம் கற்றவருமே ஓலையில் பெயரெழுதப்படத் தகுதியுடையோர் என்பதும் விடையில் ஒரு வரியாக அமையும். தீண்டாச்சேரி பற்றிய வினா எதனையும் எனது ஆசிரியப் பணிக்காலத்தில் நான் கண்டதில்லை.

அச்சொல்லை விடாது பின்தொடர்ந்தவர்களில் ஒருவர் யப்பானியர் என்பதை இங்கு குறிப்பிட்டாக வேண்டும். தோக்கியோப் பல்கலைக்கழகப் பேராசிரியராக இருந்து 2015இல் மறைந்த நொபொரு கராஷிமா, சென்னையில் வந்து பயின்று, சோழக் கல்வெட்டுக்களைப் படிப்பதில் தம் வாழ்நாளைச் செலவிட்டவர். எ. சுப்பராயலு, தோரு மட்சுயி ஆகியோருடன் சேர்ந்து அவர் உருவாக்கிய சோழக் கல்வெட்டுப் பெயர்க்கோவை 1978இல் மதுரையில் வெளிவந்தது. அரசரின் மெய்க்கீர்த்தியை விடுத்து, கல்வெட்டில் வரும் சாதாரணப் பெயர்களையும் வரிச்சொற்களையும் எண்ணிக் கணக்கிட்டுச் சமூகத்தைக் காணும் முறை அவருடையது. தமிழ்க் கல்வெட்டுக்களில் தீண்டாதோர் பற்றிய அவரது ஆய்வு 1997இல் யப்பானிய அறிஞர்களின் தொகுப்பொன்றில் இடம்பெற்றது. பெருமிதத்தின் பாரம் இல்லாமல் நமது கல்லை வாசிக்க அவரால் முடிந்தது.

5

எதிர்வாதங்கள் உண்டு. நாவல் வரலாறு அல்ல என்பது முதலாவது. உண்மை; ஆனால் 'பொன்னியின் செல்வன்' நம்மிடையே வரலாறாகவே செயற்படுகிறது. பிள்ளைகளுக்குப் பெயர் வைப்பதிலிருந்து மேடைப்பேச்சு வரை அதன் சான்றுகள் உள்ளன. மேற்கத்திய எழுத்தாளர் ஒருவர் கீழைத்தேயத்தைக் கண்காட்சியாக்கி விற்கிறார் என்பது இரண்டாவது. இதிலும் உண்மையுண்டு. ஹேர்னும் இரத்தத்தின் விதியிலிருந்து முற்றாகத் தப்பவில்லை. மலைக்கிராமத்துச் சிறுவன் ஒட்டோரிக் குலத்தின் பேரன் என்றே கதை முடிச்சவிழ்கிறது. ஜோ-ஆன் கடைசிவரை உதவியாளனே, கதை அவனுடையதாவதில்லை. இவ்வளவு குறைகளோடும் அந்நாவலை வாசிக்கும் பதின்மூன்று வயதுப் பிள்ளை ஒன்றை அறிந்துகொள்கிறது: அழகிய கோட்டைகளின் அருகில் தொடக்கூடாதவர்கள் என்று சொல்லப்பட்ட மனிதர்கள் வாழ்ந்தார்கள். கற்பனை என்று தன்னை ஒப்புக்கொள்ளும் நாவலிலிருந்து கிடைக்கும் இச்செய்தி, கல்வெட்டுச் சான்றோடு வரும் நமது நாவலிலிருந்து கிடைப்பதில்லை.

இது வெறும் இலக்கியப் பிரச்சினையும் அன்று. யப்பானின் டெஜிமாத் தீவில் 1641 முதல் இருந்த அதே ஒல்லாந்தக் கம்பனிதான் 1658இல் யாழ்ப்பாணத்தையும் பிடித்தது. அதன் அதிகாரியான கிளாஸ் ஐசாக்ஸ் 1707இல் நமது வழமைகளைத் 'தேசவழமை'யாக எழுதியபோது, பன்னிரண்டு முதலிமார் அதைப் பார்த்துச் சரியென்றனர். அதில் கோவியர், சாண்டார், பள்ளர், நளவர் ஆகியோர் அடிமைகளாகப் பதிவாகியுள்ளனர். அடிமைமுறை சட்டத்தில் ஒழிந்தது 1844இல். மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் மக்கள் நின்று போராட வேண்டியிருந்தது 1968இல். கே. டானியலின் 'பஞ்சமர்' வந்தது 1972இல். இந்த வரிசையைத் தஞ்சையின் பட்டியலோடு இணைத்துப் பார்க்காமல் 'நமது பாரம்பரியம்' என்ற சொல்லை உச்சரிப்பது நேர்மையாகாது.

இணைப்பு அறுந்துவிட்டது என்பவர்களுக்கு ஓர் அன்றாடக் காட்சி. நான் வேலைசெய்யும் தொழிற்சாலையில் புதிதாக ஒரு தமிழ்ப் பொடியன் சேர்ந்தால், முதல் இடைவேளையிலேயே விசாரணை தொடங்கிவிடும். "தம்பி, ஊரிலை எவடம்?" ஊரின் பெயர் சொன்னால் போதாது. "அதிலை எந்தக் கோயிலடி?" அண்மையில் வந்த ஒருவர் இக்கேள்விக்கு, "கோயில் தெரியாதண்ணை, பள்ளிக்கூடத்தடி" என்று பதில் சொல்லிவிட்டுத் தேநீர்க் குவளையோடு வேறு மேசைக்குப் போய்விட்டார். பத்து மணிநேரம் ஒரே பட்டியின் முன் ஒரே சம்பளத்துக்கு நின்று பெட்டி அடுக்குபவர்கள் நாம். யப்பானிய நிறுவனங்கள் 1975இல் பணம் கொடுத்து வாங்கிய பட்டியலை நாம் நாவில் வைத்திருக்கிறோம். கலியாணப் பேச்சுக்களில் அப்பட்டியல் ரொறன்ரோவிலிருந்து பாரிஸ் வரை தொலைபேசியிற் செல்லுகிறது.

2009இன் பின்னர் தோல்வியுற்ற ஒரு சமூகம் தன் பிள்ளைகளுக்குப் பெருமை ஒன்றைக் கையளிக்க விரும்புவது இயல்பு. நீ யார் என்று பாடசாலையிற் கேட்கப்படும் பிள்ளைக்குப் பதில் தேவை. நித்தோபேயும் அவ்வாறான ஒரு பதிலையே எழுதினார். அது பின்னர் எவருடைய கைக்குப் போயிற்று என்பதையும் பார்த்தோம். அரசனை மட்டும் கொண்ட பதில் அடுத்த அரசனுக்கே பயன்படும். மேலும், 'நாங்கள் சோழர்' என்று ஒரு பிள்ளையிடம் சொல்லும்போது, அதே வகுப்பில் அமர்ந்திருக்கும் எந்தப் பிள்ளையின் முன்னோரை நாம் வெளியே நிறுத்துகிறோம் என்பதையும் எண்ணிப்பார்க்க வேண்டும்.

கல்கியை வாசிக்கவேண்டாம் என்பதல்ல எனது வாதம். நல்ல கதைசொல்லியை இழப்பதால் எவருக்கும் நன்மையில்லை. நமது வார இறுதித் தமிழ்ப் பள்ளிகளில் சோழர் பாடம் வரும்போது பெருங்கோயிலின் உயரத்தைச் சொல்லிக்கொடுக்கிறோம். அக்கோயிலின் சுவரிலுள்ள வரியில்லா நிலப் பட்டியலையும், சுடுகாடும் சேரிகளும் உட்பட, ஒருமுறை முழுதாக வாசித்துக் காட்டலாம். பத்து நிமிடத்துக்கு மேல் செல்லாது. இதனை ஏற்காத நண்பர்கள் ஏன் வாசிக்கலாகாது என்று இப்பக்கங்களில் எழுதவேண்டும்.